சாவியை வாங்கிவிட்டால் அப்பா எதில் போவார்?

"அப்பாவுக்கு 72 வயது. இன்னும் ஸ்கூட்டர் எடுக்கிறார். சாவியை வாங்கி வைத்துவிடலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. அம்மாவைப் பற்றிக் கேட்பவர்கள் வேறு மாதிரி ஆரம்பிப்பார்கள். "அம்மா கோவிலுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க. கேட்டா முட்டி வலிங்கறாங்க. ஆட்டோவுல போங்கன்னா காசு தண்டம்ங்கறாங்க." கேள்வி இரண்டானாலும் விஷயம் ஒன்றுதான். வீட்டைவிட்டு வெளியே போவதற்கு அவர்களுக்கு எந்த வழி மிச்சம் இருக்கிறது?

வண்டியை நிறுத்தச் சொல்லும்போது வீட்டில் எல்லோரும் விபத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயமான பயம். ஆனால் நிறுத்திய மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் என்ன செய்வார் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பேங்க், பூங்கா நண்பர்கள், பழைய ஆபீஸ்காரர் வீடு, காய்கறிக் கடை எல்லாம் அந்த ஸ்கூட்டரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மாற்று வழி தயாராக இல்லாமல் சாவியை வாங்கினால் அவர் டிவி முன்னால் உட்காருவார். அப்புறம் "அப்பா ரொம்ப டல்லா இருக்கார்" என்று அடுத்த கேள்வி வரும்.

இங்கே சென்னையை வைத்துத்தான் பேசுகிறேன், அதிலும் எனக்குத் தெரிந்த மாம்பலம், மயிலாப்பூர், தி.நகர் பக்கத்தை. 65 முதல் 80 வயதுக்குள், மெதுவாகவாவது தானே நடக்கக்கூடியவர்கள் கணக்கில். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது

பொதுவாகப் பணத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். இந்த வயதில் அவை பின்னால் வருகிறவை. நான் பார்ப்பது இவற்றை:

யாரையும் கேட்காமல் கிளம்ப முடிகிறதா? இதுதான் முதல். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. "கொஞ்சம் கொண்டுவிடுறியா?" என்று கேட்க வேண்டிய வழியை ஒரு பெரியவர் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த மாட்டார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

திரும்பி வருவது எப்படி? போவதை எல்லோரும் திட்டமிடுகிறோம். வரும்போது இருட்டியிருக்கும், களைப்பாக இருக்கும், கையில் பை இருக்கும். பெரியவர்கள் போவதைத் தவிர்ப்பதற்குப் பாதிக் காரணம் வருவதுதான்.

உடம்பு என்ன சொல்கிறது? ஏறும் படியின் உயரம், நிற்க வேண்டிய நேரம், நடுவில் உட்கார இடம். அப்புறம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, கழிவறை. சர்க்கரையோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கப் பயப்படுவார்கள். "எனக்கு அங்கே போகப் பிடிக்கலை" என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வழியில் மனிதர்கள் உண்டா? ஒரு வழி உங்களைக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோகும். இன்னொன்று பெட்டியில் அடைத்து இறக்கிவிடும். போய்ச் சேரும் இடம் ஒன்றே ஆனாலும் வித்தியாசம் பெரியது.

மாதம் எவ்வளவு? கடைசியாகத்தான்.

## நடை

சொந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் நடையை வெல்ல எதுவும் கிடையாது. யாரையும் கேட்க வேண்டாம். திரும்புவதும் அதே கால்தான். ஆவின் பூத்தில் ஒருவர், அயர்ன்காரர் ஒருவர், கோவில் வாசல் பூக்காரம்மா என்று வழியெல்லாம் ஆள். இரண்டு நாள் காணவில்லை என்றால் "என்ன சார், ஊர்ல இல்லையா?" என்று விசாரிக்க நாலு பேர் இருப்பது பெரிய பாதுகாப்பு. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அதைவிட நம்பகமான அலாரம் நான் பார்த்ததில்லை.

சிக்கல் நடைபாதையில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து ஒதுக்கீட்டில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, உட்கார பெஞ்சோடு, அகலமாக, பெரியவர்களும் தைரியமாக நடக்கிற ஒரு சாலை கிடைத்தது. ஆனால் யாரும் பாண்டி பஜாரில் குடியிருப்பதில்லையே. வீட்டிலிருந்து அங்கே போகிற தெருவில் மின்சாரப் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்தி வைத்த பைக், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்காக இறங்கும் சரிவு. நடைபாதை அலை மாதிரி ஏறி இறங்குவதால் பெரியவர்கள் தெருவில் இறங்கி நடக்கிறார்கள். நடைபாதையில் நடப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையை அந்த மின்சாரப் பெட்டியிடம் யார் போய் எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை.

மறைமுகச் செலவு: ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஒன்பதரைக்குப் பிறகு நடை கிடையாது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை. தேங்கிய தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத குழி இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆக, நடையை மட்டும் நம்பினால் வருஷத்தில் பாதிதான் வெளியே போகலாம். தெரு நாய் பயம் தனி. கைத்தடி வைத்துக்கொள்ளப் பலருக்கு வெட்கம். நாய்க்காக என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், முயன்று பாருங்கள். ஹவாய் செருப்பை மட்டும் ஒழித்துவிட்டு, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: தினசரி வேலைகளுக்கு, காலை ஆறு முதல் எட்டரை வரை, உட்கார இரண்டு இடமாவது வழியில் இருந்தால்.

## பஸ்

பிள்ளைகள் கடைசியாகச் சொல்வது பஸ். என் பட்டியலில் இது மேலே இருக்கிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பணத்தில் ஆரம்பிப்போம். சென்னையில் வசிக்கும் 60 வயது நிரம்பியவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2016 முதல் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது. ஏசி இல்லாத பஸ்களில் செல்லும். பணிமனைகளிலும் பஸ் நிலையங்களிலும் ஆறு மாதத்துக்கானதைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். முகவரிச் சான்று, வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, அவ்வளவுதான். பெண்களுக்கு அதுவும் தேவையில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில், அதாவது முன்னால் பிங்க் பெயிண்ட் அடித்தவற்றில், கட்டணமே கிடையாது. அதற்கு மேலும் சுற்றுகிறவர் என்றால், எந்தத் தடத்திலும் ஏறி இறங்க மாதம் 1,000 ரூபாய் பாஸ் உண்டு. ஏசி பஸ்ஸும் சேர்த்து 2,000.

இந்த இலவசத்தின் பெரிய லாபம் பணத்தில் இல்லை. ஆட்டோவில் போனால் ஒவ்வொரு முறையும் "இதுக்காக நூறு ரூபாயா?" என்று மனசுக்குள் ஒரு விசாரணை நடக்கும். காசே கேட்காத பஸ்ஸில் அந்த விசாரணை இல்லை. சும்மா போய்விட்டு வரலாம். எங்கள் தெருவில் ஒரு மாமி மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் பிங்க் பஸ் ஏறி மயிலாப்பூர் போய், மாட வீதியில் ஒரு சுற்று சுற்றி, தேவையே இல்லாத ஒரு கட்டு கீரையோடு திரும்புவார். கீரை எங்கள் தெருவிலேயே கிடைக்கும். அவர் போவது கீரைக்காக இல்லை என்பது அவர் மருமகளுக்கும் தெரியும்.

சரி, உடம்பு? இங்கேதான் பஸ் தோற்கிறது. பழைய பஸ்ஸின் முதல் படி உயரம். அது நடைபாதையை ஒட்டி நின்றால் சமாளிக்கலாம். ஆனால் ஸ்டாப்பில் ஆட்டோவும் பைக்கும் நிற்பதால் டிரைவர் நடுரோட்டில் நிறுத்துவார். அப்போது பெரியவர் நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கி, நடுவில் புகுந்து வரும் பைக்கைப் பார்த்து, அங்கிருந்து படியில் ஏற வேண்டும். இறங்கியதால் படியின் உயரம் இன்னும் கூடிவிடுகிறது. ஒரு கை கம்பியில், ஒரு கையில் பை. "பெரியவரை ஏத்தி விடுப்பா" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் யாராவது முழங்கையைப் பிடிப்பார்கள். உட்காருவதற்குள் வண்டி எடுத்துவிட்டால் அதுதான் ஆபத்தான நொடி. பல பெரியவர்கள் விழுவது ஏறும்போது இல்லை, ஏறிய பிறகு.

2024 ஆகஸ்ட் முதல் வரும் தாழ்தளப் பஸ்களில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. படியே இல்லை. நின்றதும் பஸ் ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும். 2025 ஜூனில் மின்சாரத் தாழ்தளப் பஸ்களும் வந்தன. ஆனால் எல்லாத் தடத்திலும் இவை ஓடவில்லை. உங்கள் ஸ்டாப்பில் எந்தத் தடத்தில், எந்த நேரத்துக்கு வருகிறது என்று பிள்ளைகள் யாராவது ஒரு வாரம் கவனித்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மொபைலில் பார்க்கச் சொல்வதைவிட இது வேலை செய்யும்.

மறைமுகச் செலவு: காத்திருக்கும் நேரம், நிழலில்லாத ஸ்டாப். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் பனகல் பார்க், கோடம்பாக்கம், லஸ் பக்கமெல்லாம் தகடு அடைத்து, பஸ் ஸ்டாப்பை அங்கும் இங்கும் மாற்றியிருக்கிறார்கள். இளவட்டத்துக்கு அது 200 மீட்டர் கூடுதல் நடை. முட்டி வலிக்காரருக்கு வீட்டிலேயே இருந்துவிட அது போதுமான காரணம்.

எப்போது இதுவே சிறந்தது: காலை பத்தரையிலிருந்து மாலை மூன்றரைக்குள், மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு, கையில் சுமை இல்லாதபோது. காலை எட்டரை மணி பஸ்ஸில் 70 வயதுக்காரரை ஏற்றாதீர்கள்.

ரயிலையும் மெட்ரோவையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவை ஊர் தாண்டப் பயன்படும், பேட்டைக்குள் சுற்ற அவ்வளவாக உதவாது. மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. எந்த வாசல் என்று தெரியாமல் போனால் ரோட்டைக் கடக்க வேண்டும். 2023 மே மாதம் திறந்த மாம்பலம் ஆகாய நடைபாலம் மட்டும் விதிவிலக்கு. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மாட்டாமல், லிஃப்டில் ஏறி நிழலில் நடந்துவிடலாம். மேற்கு மாம்பலத்துப் பெரியவர்கள் பலருக்கு தி.நகர் திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

## ஆட்டோ

உடம்புக்கு ஆட்டோ வசதி. வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். மழை, இருட்டு, ஆஸ்பத்திரி, கையில் சுமை, இந்த நாலுக்கும் வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் "ஆப் இருக்கே, புக் பண்ணிக்கோங்க" என்று பிள்ளை சொல்வது, நடப்பதைப் பார்க்காமல் சொல்வது. வாசலில் வெயிலில் நிற்கும் பெரியவருக்கு ஸ்க்ரீன் தெரியாது. படிக்கும் கண்ணாடி உள்ளே மேஜை மேல். போன் அடிக்கும். "சார், எங்க நிக்கறீங்க? லொகேஷன் பின்னாடி தெருவுல காட்டுது." அவர் வழி சொல்லி முடிப்பதற்குள் சவாரி கேன்சல். வண்டி வந்துவிட்டால் ஓடிபி. அந்த நாலு நம்பரைத் தேடப் போனால் போனில் வேறெதுவோ திறந்துகொள்ளும். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை கிளம்ப மாட்டார். மகள் பெங்களூரிலிருந்து புக் பண்ணிக் கொடுப்பதும் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் திரும்பவும் கேட்க வேண்டிய கதைதான்.

இதற்கு ஸ்டாண்ட் ஆட்டோ மேல். தெருமுனையில் நிற்கும் தெரிந்த டிரைவர், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், கை கொடுத்து இறக்குவார், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பார். கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுத்துவிடலாம். அரசு 2013-ல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்பது. அந்தக் கணக்கில் இன்று யாரும் வருவதில்லை. மூன்று கிலோமீட்டருக்கு 80 முதல் 100 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை போய்வந்தால் மாதம் 2,000-க்கு மேல்.

மறைமுகச் செலவு அந்தப் பணம் இல்லை, பணத்தை நினைத்துப் போகாமல் இருப்பது. போக 80, வர 80, உண்டியலில் போட்டது 10. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற தலைமுறை அது. "காசு நான் தரேன்" என்று சொல்வது உதவாது. மாத ஆரம்பத்திலேயே அந்த டிரைவரிடம் ஒரு தொகை கொடுத்துவிட்டு, "அம்மா எப்போ கூப்பிட்டாலும் வாங்க, மாசக் கடைசியில கணக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவைத்த வீடுகளில் அம்மாக்கள் அதிகம் வெளியே போகிறார்கள். கொடுத்த பணம் வீணாகக் கூடாதே!

ஷேர் ஆட்டோ மலிவு, வழித்துணையும் உண்டு. ஆனால் நடுவில் ஏறுகிறவருக்காக இறங்கி ஏற வேண்டும், குனிந்து நுழைய வேண்டும். இடுப்பு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்.

## சொந்த ஸ்கூட்டர்

கேட்காமல் கிளம்புவதில் ஸ்கூட்டருக்கு முழு மதிப்பெண். அதனால்தான் விட மனசு வருவதில்லை. சாவியைப் பிடுங்குவதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள். வயது 55 தாண்டியவர்களுக்கு ஒருமுறை புதுப்பித்தால் ஐந்து வருஷம்தான் செல்லும். புதுப்பிக்க டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். முன்பு காலாவதியான பிறகு 30 நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். காலாவதியான லைசென்ஸோடு யார்மேலாவது மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரிப்பார்கள், நஷ்டஈடு வீட்டின் தலையில் விழும். பல வீடுகளில் லைசென்ஸ் எப்போதோ முடிந்துபோய் பர்ஸில் சும்மா கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சை அங்கிருந்து ஆரம்பித்தால் சண்டை வராது. கண் டாக்டரும் படிவமும் பேசட்டும், பிள்ளை பேச வேண்டாம்.

நிறுத்தும் நேரம் வந்ததற்கான அடையாளங்கள் வயதில் இல்லை. கழுத்தைத் திருப்பாமல் யூ-டர்ன் எடுக்கிறாரா? எதிர் விளக்கு பட்டால் கண் கூசுகிறதா? சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா? ஸ்டாண்ட் போடும்போது வண்டி சாய்கிறதா? கடைசியாகச் சொன்னது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

சைடு வீல் மாட்டலாமா என்றும் கேட்பார்கள். சமநிலைப் பிரச்சினைக்கு அது உதவும், கண் பிரச்சினைக்கு உதவாது. மாட்டுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஷூரன்ஸில் தகராறு. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட் மோட்டார் உள்ள சின்ன மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை என்று விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பார்வை சரியாகிவிடாதே.

மறைமுகச் செலவு ஒன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்கூட்டர் இருப்பவர் தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போவார். பத்து வருஷம் இப்படிப் போனால் கால் நடையை மறந்துவிடும். வண்டி நின்ற அன்று நடையும் கூடவே நின்றுவிடுகிறது.

எப்போது இதுவே சிறந்தது: லைசென்ஸ் செல்லும், கண் சரி, பகல் வெளிச்சம், தெரிந்த தெரு. கூடவே வாரத்துக்கு இரண்டு முறை பஸ்ஸோ நடையோ இப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும்.

## பிள்ளைகள் கொண்டுவிடுவது, கார்

அன்பு இதில் அதிகம், சுதந்திரம் குறைவு. ஞாயிறு காலை பத்து மணிக்கு மகனுக்கு ஒழியும். ஆனால் அப்பாவின் நண்பர்கள் பூங்காவில் கூடுவது காலை ஆறரை மணிக்கு. மகனுக்கு ஒழியும் நேரத்துக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள். கொண்டுபோய் விட்டவர் காரிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பவருக்குப் பேச்சு ஓடாது. "பையன் காத்துட்டிருக்கான்" என்று எழுந்துவிடுவார்.

சொந்தக் கார் இருந்து ஓட்ட ஆள் இல்லையென்றால், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வந்து ஓட்டும் ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். குறைந்தபட்ச மணி நேரக் கட்டணம் உண்டு என்பதால் நாலைந்து வேலைகளை ஒரே நாளில் முடிக்க ஏற்றது. கல்யாணம், தூரத்து உறவினர் வீடு, ஒரே நாளில் பேங்க், லேப், கண் டாக்டர் என்றால் இதுதான் சரி. தினசரிக்கு உதவாது. சும்மா நிற்கும் காருக்கு இன்ஷூரன்ஸும் இறங்கிப்போகும் பேட்டரியும் தனிச் செலவு.

## எல்லாம் வீட்டுக்கே வருவது

இதை யாரும் போக்குவரத்து வழியாகச் சேர்ப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன அத்தனைக்கும் போட்டி இதுதான். பத்து நிமிஷத்தில் காய்கறி வருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், மாடியிலிருந்து இறங்க முடியாதவர்களுக்கும் இவை வரம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடக்க முடிகிறவருக்கும் எல்லாவற்றையும் வரவழைத்துவிட்டால்தான் தப்பு. ரேஷன் வரிசையை யாரும் விரும்பிப் போய் நிற்பதில்லை, ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் அடுத்த தெருவில் யாருக்குப் பேத்தி பிறந்தது என்பது தெரிகிறது. நான் சொல்லும் வழி இது: அரிசி, எண்ணெய், மளிகை மாதிரிக் கனமானதெல்லாம் வீட்டுக்கு வரட்டும். பால், கறிவேப்பிலை, மாத்திரை மாதிரி லேசானதுக்கு ஆள் போகட்டும். பால் பாக்கெட்டை ஆப்பில் வரவழைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கேட்காமல் கிளம்பலாமா | திரும்பி வருவது | உடம்புக்கு | வழியில் மனிதர்கள் | மாதச் செலவு (தோராயமாக) |
|---|---|---|---|---|---|
| நடை | ஆம் | காலையில் எளிது, இருட்டினால் சிரமம் | நல்லது, விழுந்தால் மோசம் | மிக அதிகம் | ஒரு நல்ல செருப்பு |
| பஸ் | ஆம் | மாலைக் கூட்டத்தில் கஷ்டம் | படி உயரம், தாழ்தளம் என்றால் சுலபம் | அதிகம் | 0 முதல் 1,000 வரை |
| ஸ்டாண்ட் ஆட்டோ | கிட்டத்தட்ட | எப்போதும் எளிது | சுலபம் | டிரைவர் ஒருவர் | 2,000-க்கு மேல் |
| ஆப் ஆட்டோ | போன் பழகியவருக்கு மட்டும் | இரவில் நிச்சயமில்லை | சுலபம் | இல்லை | 2,000-க்கு மேல் |
| ஸ்கூட்டர் | ஆம் | இருட்டினால் ஆபத்து | நடை குறையும் | கொஞ்சம் | 1,000 முதல் 1,500 வரை |
| பிள்ளைகள், கார் | இல்லை | எளிது | மிகச் சுலபம் | வீட்டார் மட்டும் | கேட்கும் கூச்சம் |

## யாருக்கு எது

ஸ்கூட்டர் ஓட்டும் 65 வயதுக்காரர், உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் எதையும் பிடுங்காதீர்கள். ஆனால் டோக்கனை இப்போதே வாங்கி வையுங்கள். பஸ்ஸில் ஏறிப் பழக வேண்டியது காலில் தெம்பு இருக்கும்போது. 75-ல் முதல்முறையாக எந்தத் தடம் எங்கே போகிறது என்று கற்றுக்கொள்வது கடினம்.

ஒருமுறை விழுந்தவர் என்றால் பஸ்ஸை மறந்துவிடலாம், தாழ்தளமாக இருந்தாலும். தெருவுக்குள் கைத்தடியோடு நடை, மற்றதுக்கு ஸ்டாண்ட் ஆட்டோ. காது மந்தமானவருக்கு ஸ்கூட்டர் வேண்டாம், பஸ் பரவாயில்லை. போன் வசப்பட்டவர் என்றால் ஆப் ஆட்டோவும் ஒத்துவரும். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், குறைத்து எடைபோட வேண்டாம்.

தனியாக வசிப்பவருக்குக் கொஞ்சம் சிரமமானாலும் மனிதர்கள் அதிகமுள்ள வழியையே தேர்ந்தெடுங்கள். போனில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் சேமித்து வையுங்கள், காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.

பிள்ளைகள் அடிக்கடி மறந்துபோகும் ஒருவர் ஸ்கூட்டரின் பின் சீட்டில் இருக்கிறார். அப்பா வண்டியை நிறுத்தினால் அம்மாவின் போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. 40 வருஷமாகப் பின்னால் உட்கார்ந்தே போனவருக்குத் தனியாக ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திப் பேரம் பேசியே பழக்கம் இருக்காது. அப்பா இல்லாமல் போகும் நாளும் ஒன்று வரும். அதனால் முடிவெடுக்கும்போது இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் அப்பாவுக்கு ஸ்டாண்ட் ஆட்டோவும் அம்மாவுக்குப் பிங்க் பஸ்ஸும் என்று வரும். முதல் சில முறை மகளோ பக்கத்து வீட்டுக்காரம்மாவோ கூடப் போய், எந்த ஸ்டாப்பில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறது என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

கடைசியாக, மாலை நேரம். கோவில், சொற்பொழிவு, கச்சேரி எல்லாம் இருட்டிய பிறகு முடிவதால் நடை, பஸ், ஸ்கூட்டர் மூன்றும் அடிபட்டுப்போகின்றன. தனியாக ஆட்டோ என்றால் காசு உறுத்தும். எங்கள் பக்கம், மேற்கு மாம்பலம் அயோத்யா மண்டபத்துக்குச் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்கள் செய்வதுதான் எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு. ஒரே தெருவில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஸ்டாண்ட் ஆட்டோவைப் பேசிக்கொள்கிறார்கள். ஆட்டோவில் சட்டப்படி மூன்று பேர்தான், நாலாவது ஆளுக்கு இடமில்லை என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்து மாதம் ஒருமுறை ஒருவரே வாங்கிக் கொடுக்கட்டும், ஒவ்வொரு நாளும் சில்லறை தேட வேண்டாம். போகும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்து வந்து ஒரே வாசலில் ஏறுங்கள், இல்லையென்றால் டிரைவர் மூன்று இடத்தில் நிறுத்தி முனகுவார். சொற்பொழிவு முடிய எட்டரை ஆகும் என்றால் எட்டே முக்காலுக்கு வரச் சொல்லுங்கள். முடிந்த பிறகு வாசலில் நின்று பேச அந்தப் பதினைந்து நிமிஷம் வேண்டும்.